வராததைக் கேட்கும் தொட்டிகள்

எங்கள் மாடித் தொட்டியின் மூடியில் தென்னை மட்டை விழுந்து, விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். பார்த்தும் பாராமல் மூன்று நான்கு மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் காலையில் குழாய்த் தண்ணீரில் குளத்து வாடை. தொட்டி கழுவ வந்த பெரியவர் மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். விரிசல் வழியாக வெயில் விழுந்த பக்கத்தில் மட்டும், கரைவேட்டியின் கரைபோல ஒரு பச்சைப் பட்டை. மற்ற இடமெல்லாம் சுத்தம்.

“தண்ணி இருட்டுல இருந்தாத்தான் தம்பி தண்ணியா இருக்கும்” என்றார்.

அந்த வாரம்தான் நான் மெக்சிகோவின் சியரா நெக்ரா மலைச்சரிவில் நிற்கும் 300 தொட்டிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். கடல்மட்டத்திலிருந்து 4,100 மீட்டர் உயரம். பக்கத்தில் பனிமுடி தரித்த பிக்கோ தெ ஒரிசாபா எரிமலை. ஒவ்வொரு தொட்டியும் 7.3 மீட்டர் விட்டமுள்ள நெளிதகட்டு இரும்பு உருளை. உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு மாபெரும் பை. அதில் ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் தண்ணீர். நம்மூர் 12,000 லிட்டர் லாரியில் கணக்குப் போட்டால் ஒரு தொட்டிக்கே 16, 17 லோடு. மொத்தத்துக்கும் 5,000 லோடு. இவ்வளவு தண்ணீரையும் மலைமேல் சேர்த்து, வடிகட்டி, புற ஊதா விளக்கு காட்டிக் கிருமி நீக்கி, ஒரு சொட்டு வெளிச்சம் புகாமல் மூடி வைத்திருக்கிறார்கள். குடிக்க அல்ல, பாய்ச்ச அல்ல. வானத்தைப் பார்க்க.

ஹாக் என்று அந்த ஆய்வகத்துக்குப் பெயர். 2015 மார்ச்சில் முழுமையாகத் திறக்கப்பட்டது. நட்சத்திரங்களைப் பார்க்கக் கட்டிய ஒன்றின் முதல் விதி வெளிச்சம் உள்ளே வரக்கூடாது என்பது. படித்தபோது விநோதமாகத்தான் இருந்தது. பெரியவர் சொன்ன பிறகு அவ்வளவு விநோதமாக இல்லை.

காமாக் கதிரும் ஒளிதான். ஆனால் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட லட்சம் கோடி மடங்கு ஆற்றலோடு சில வரும். வெடித்துச் சிதறிய விண்மீன்களின் எச்சம், வெறிபிடித்தாற்போல் சுழலும் பல்சர், அண்டங்களின் நடுவில் உட்கார்ந்து விழுங்கிக்கொண்டிருக்கும் கருந்துளை ஆகியவற்றின் அருகே இவை பிறக்கின்றன. அங்கேயிருந்து புறப்படும் புரோட்டான் போன்ற துகள்களும் நம்மிடம் வருகின்றன. அவற்றைக் காஸ்மிக் கதிர் என்கிறோம். ஆனால் அவற்றுக்கு மின்னூட்டம் உண்டு. வழியிலுள்ள காந்தப்புலமெல்லாம் அவற்றை வளைத்து வளைத்து, ஊர் பேர் தெரியாதவர்களாக்கித்தான் இங்கே சேர்க்கிறது. எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பார்த்து எங்கே பிறந்தது என்று சொல்ல முடியாது. காமாக் கதிருக்கு மின்னூட்டம் இல்லை. புறப்பட்ட இடத்தின் முகவரி கலையாமல் நேராக வருகிறது. அதனால்தான் அதன்மேல் இவ்வளவு ஆசை.

ஆனால் அது தரைக்கு வந்து சேராது. நம் தலைக்கு மேலிருக்கும் காற்று எடைக்கணக்கில் 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். நாமெல்லாரும் ஒரு கிணற்றின் அடியில்தான் குடியிருக்கிறோம். அது காற்றால் ஆன கிணறு என்பதால் தெரிவதில்லை. காமாக் கதிர் அந்தக் கிணற்றின் மேற்பரப்பிலேயே ஏதோ ஓர் அணுவருகே மடிந்து எலெக்ட்ரான், பாசிட்ரான் என்று இரண்டாகிறது. அவை புதிய காமாக் கதிர்களை உமிழ்கின்றன. அவை மறுபடி இரண்டிரண்டாகின்றன. பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று பல்கிப் பெருகி, ஆற்றலைப் பங்குபோட்டுக்கொண்டு, ஒரு கட்டத்தில் ஓய்ந்துபோகிறது குலம். மலைமேல் ஏறுவது எதற்காக என்றால், அந்தக் குலம் முற்றிலும் அற்றுப்போவதற்குமுன் கொஞ்சம் பேரையாவது பார்த்துவிடத்தான். 4,100 மீட்டரில் தலைக்குமேல் மிஞ்சுவது ஆறரை மீட்டர் தண்ணீருக்குச் சமமான காற்று. மூன்றரை மீட்டர் குறைகிறது. அவ்வளவுக்குத்தான் அத்தனை ஏற்றமும்.

கீழே வந்து சேரும் இந்தக் கூட்டம் ஓர் அப்பளம் போல. ஒரு மீட்டர் கனம், நூறு மீட்டருக்கு மேலும் பரவிய அகலம், ஓரத்தில் லேசான வளைவு. ஒளியின் வேகத்தில் இறங்கும் அப்பளம். அது சாய்வாக இறங்கினால் ஒரு பக்கத் தொட்டியில் முன்னதாகவும் மறுபக்கத் தொட்டியில் பின்னதாகவும் படும். அந்தக் கால வித்தியாசத்தை வைத்துத்தான் முதலில் வந்த அந்தக் கதிர் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணிக்கிறார்கள். ஹாக் ஏறத்தாழ 150 மீட்டர் அகலம். அப்பளம் ஒரே ஒரு பாகை சாய்ந்தால், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வித்தியாசம் 9 நானோநொடி. ஒரு நானோநொடியில் ஒளி ஒரு சாண் சொச்சம், 30 சென்டிமீட்டர், நகரும். அந்த நுட்பத்துக்கு நேரம் சொல்லத் தெரிந்தால்தான் திசை சொல்ல முடியும்.

தொட்டிக்குள் நடப்பது இது. தண்ணீரில் ஒளியின் வேகம் நொடிக்கு 2,25,000 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. ஆனால் மேலிருந்து பாய்ந்துவரும் எலெக்ட்ரானுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அது தண்ணீருக்குள் ஒளியை முந்திக்கொண்டு ஓடுகிறது. முந்தும்போது, படகின் மூக்கிலிருந்து அலை விரிவதுபோல, அதன் பாதையைச் சுற்றி 41 பாகைக் கோணத்தில் ஒரு நீலவொளிக் கூம்பு விரிகிறது. செரன்கோவ் ஒளி. சோவியத் இயற்பியலர் பாவெல் செரன்கோவ் இதை 1934இல் பதிவுசெய்தார். நல்ல கருவி ஏதுமில்லாத காலம், கண்தான் கருவி. சோதனைக்கு முன் ஒரு மணி நேரம் போல இருட்டறையில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு, பிறகு அந்த மங்கிய நீலத்தைப் பார்ப்பாராம். 1958இல் நோபல் பரிசு வந்தது. அந்த ஒரு மணி நேரத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இன்று மலைமேல் நிற்கும் தொட்டிகள் எல்லாம் அந்த அறையின் நகல்கள்.

கண்ணுக்குப் பதில் இப்போது தொட்டியின் அடியில் நான்கு ஒளிபெருக்கிக் குழாய்கள் மேல்நோக்கி இருக்கின்றன. பூசணிக்காய் அளவுக் கண்ணாடிக் குமிழ்கள். உள்ளே வெற்றிடம் என்பதால் மிதந்து மேலே வரப் பார்க்கும். இழுத்துக் கட்டித்தான் அடியில் நிறுத்த வேண்டும். ஒரே ஓர் ஒளித்துகள் பட்டு ஓர் எலெக்ட்ரானை உதைத்துத் தள்ளினால், அதைப் படிப்படியாகக் கோடி மடங்காக்கி, கம்பிவழி அனுப்பும்.

சரி, தண்ணீர் ஏன்? மலிவு என்பது ஒரு பதில். அதைவிட நல்ல பதில் ஒன்று உண்டு. இறங்கும் கூட்டத்தில் எலெக்ட்ரான்களைவிடக் காமாக் கதிர்கள்தான் பல மடங்கு அதிகம். மெல்லிய தகடுகளை விரித்து வைத்தால் அவை தடம் விடாமல் ஊடுருவிப் போய்விடும். தண்ணீரோ ஆழமானது. ஒன்றிரண்டு முழத்துக்குள் அந்தக் கதிரைத் தடுத்து எலெக்ட்ரானாக உடைத்து, ஒளி உமிழ வைத்துவிடுகிறது. நான்கு மீட்டர் தண்ணீரிடம் அநேகமாக எந்தக் காமாக் கதிரும் தப்பாது. பிடிக்கும் வலையும் காட்டும் விளக்கும் ஒன்றாகவே இருக்கிற பொருள் இவ்வளவு மலிவாக வேறு கிடைக்காது.

இனி வருவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம். தொட்டியின் உட்சுவர் கறுப்பாக இருக்கவேண்டுமா, வெள்ளையாகவா?

அர்ஜென்டினாவின் பம்பாவில் பியர் ஓஷே ஆய்வகம் 3,000 சதுர கிலோமீட்டரில் 1,600க்கும் மேற்பட்ட தொட்டிகளைப் பரப்பியிருக்கிறது. தலா 12,000 லிட்டர். அவற்றின் உட்புறம் வெள்ளை. ஒளி சுவரில் பட்டு, எதிர்ச்சுவரில் பட்டு, எங்கெங்கோ திரிந்தாலும் கடைசியில் குழாயில் சேர வாய்ப்பு உண்டு, பட்டவுடன் வீணாகாது. எவ்வளவு ஒளி என்பது அங்கே முக்கியக் கேள்வி. அதற்கு வெள்ளைதான் சரி. ஹாக்கிலோ எப்போது என்பது கேள்வி. 7.3 மீட்டர் தொட்டியில் ஒளி ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போகவே 32 நானோநொடி ஆகும். நமக்குத் தேவையான நுட்பம் ஒரு நானோநொடி. சுற்றித் திரிந்துவிட்டுத் தாமதமாக வரும் ஒளி செய்தியைக் குழப்பும். ஆகவே கறுப்புச் சுவர். நேராகக் குழாய்க்கு வந்த ஒளியை மட்டும் வைத்துக்கொண்டு, சுவரில் பட்டதையெல்லாம் விழுங்கிவிடுகிறது. மெக்சிகோ மலைக்கு 5,000 லோடு தண்ணீர் கொண்டுபோய், அதில் பிறக்கும் ஒளியில் பெரும்பகுதியை வேண்டுமென்றே சுவருக்குத் தாரை வார்க்கிறார்கள். ஒளியைச் சேமிப்பதற்காக இவ்வளவும் கட்டிய ஒருவர் அந்தக் கறுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

இதெல்லாம் ஒரே நாளில் பிறந்த யோசனை அல்ல. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஹேவரா பார்க் என்ற இடத்தில் 1967 முதல் 1987 வரை நீர்த்தொட்டிகள் காஸ்மிக் கதிர்களைக் கேட்டுக்கொண்டிருந்தன. வேலை முடிந்தபின் திறந்து பார்த்தபோது, ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது. எங்கள் பெரியவர் ஆச்சரியப்பட மாட்டார். பிறகு அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மிலாக்ரோ: புவிவெப்பச் சோதனைக்காக வெட்டிய ஒரு பழைய குளத்தை மூடி, 723 குழாய்களை இரண்டு அடுக்காகக் கட்டி நிறுத்தினார்கள். மேலடுக்கு நேரத்துக்கு, ஆழத்து அடுக்கு வேறொன்றுக்கு. குளம் ஒன்றே என்பதால் ஓரிடத்து ஒளி தடுப்பாரின்றி அடுத்த குழாய்களுக்கும் பரவியது. அந்தப் பாடம்தான் ஹாக்கில் தனித்தனித் தொட்டிகளானது. மிலாக்ரோவின் பழைய குழாய்களே அங்கே மறுபடி வேலைக்கு வந்தன.

ஆழத்து அடுக்கு எதற்கு என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் மொத்தமும் விளங்கும்.

ஹாக்கின் மேல் நொடிக்கு 25,000 முறை துகள் மழை பெய்கிறது. அதில் காமாக் கதிரால் வந்தவை ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறாது. மற்றதெல்லாம் முகவரி தொலைத்த புரோட்டான்களும் அணுக்கருக்களும் கொட்டுவது. இரண்டும் அதே அப்பளம். அதே நீல ஒளி. வேறுபாடு ஒன்றுதான். புரோட்டான் காற்றில் மோதினால் உடைசலில் மியூவான் என்ற துகளும் பிறக்கும். எலெக்ட்ரானின் முரட்டு அண்ணன். தண்ணீர், மண், கான்கிரீட் எதற்கும் எளிதில் நிற்காமல் நேரே ஊடுருவி, மையத்திலிருந்து எட்ட இருக்கும் ஏதோ ஒரு தொட்டியில் சட்டென்று பளிச்சிடும். மிலாக்ரோவின் ஆழத்து அடுக்கு அதைப் பிடிக்கத்தான். காமாக் கதிரின் குலத்தில் மியூவான்கள் அநேகமாக இல்லை. எனவே ஹாக்கில் மழையின் மையத்திலிருந்து 40 மீட்டருக்கு அப்பாலுள்ள தொட்டிகளைப் பார்க்கிறார்கள். அங்கே ஒன்றிலாவது தனியாக ஒரு பெரிய பளிச்சிடல் இருந்தால், அந்த மழையைத் தள்ளிவிடுகிறார்கள். எங்கும் இல்லையென்றால், வைத்துக்கொள்கிறார்கள்.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். காமாக் கதிரைக் காட்டும் அடையாளம் என்று எதுவும் வருவதில்லை. ஒன்று வராமல் போவதுதான் அதன் கையெழுத்து.

இதற்குப் பிறகு வடிவமைப்பின் கணக்கே மாறிவிடுகிறது. மியூவான் உண்டு என்று சொல்ல ஒரு தொட்டி போதும். அது பளிச்சிட்டால் வழக்கு முடிந்தது. மியூவான் இல்லை என்று சொல்ல எல்லாத் தொட்டியும் வேண்டும். தொட்டி இல்லாத இடத்தில் ஒரு மியூவான் இறங்கியிருந்தால் நம் ‘இல்லை’ பொய்யாகிவிடும். ‘உண்டு’ என்பதற்குச் சாட்சி ஒருவர். ‘இல்லை’ என்பதற்கு ஊரே சாட்சி சொல்ல வேண்டும். அன்றாடப் பேச்சில் நாம் எவ்வளவு சுலபமாக இல்லை என்கிறோம் என்று நினைத்துப் பார்த்தேன். சாவி அலமாரியில் இல்லை, அவருக்கு நன்றி இல்லை, அப்படி ஒன்று நடக்கவே இல்லை. எத்தனை தொட்டி வைத்துக் கேட்டோம்?

சீனாவின் சிச்சுவானில், 4,410 மீட்டர் உயரத்தில் உள்ள லாசோ அந்த ‘இல்லை’க்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். 78,000 சதுர மீட்டருக்கு மூன்று குளங்கள், கறுப்புத் திரைகளால் 3,120 அறைகளாகத் தடுத்தவை. அது போதாதென்று, ஒரு சதுர கிலோமீட்டருக்கும் கூடுதலான பரப்பில் 1,188 நீர்த்தொட்டிகளை, இரண்டரை மீட்டர் மண்ணைப் போட்டுப் புதைத்திருக்கிறார்கள். எலெக்ட்ரான் மண்ணில் நின்றுவிடும். மியூவான் மட்டும் இறங்கும். அதாவது மண்ணுக்கடியில் இருட்டில் கிடக்கும் அந்த 1,188 தொட்டிகளின் வேலை, நல்ல செய்தி என்றால் ஒன்றும் சொல்லாமலிருப்பது. 2021இல் அவர்கள் 1.4 பெட்டா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள ஒரு காமா ஒளித்துகளை அறிவித்தார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியைப்போல் ஏழு கோடி கோடி மடங்கு. சிக்னஸ் விண்மீன் கூட்டத்தின் பக்கமிருந்து வந்தது. அதை நம்ப வைத்தது, மேலே பெய்த மழை மட்டுமல்ல. கீழே நிலவிய அமைதி.

உதகமண்டலத்திலும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், தண்ணீர் இல்லாமல். கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் கான்கிரீட் அடுக்குகளுக்குக் கீழே 6 மீட்டர் நீள இரும்புக் குழாய்கள் 3,700க்கு மேல் அடுக்கியிருக்கிறார்கள். ஊடுருவி வரும் மியூவான்களை எண்ணுவதற்கு. ஊட்டிக்குப் போகிறவர்கள் படகு ஏரியைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் வந்தேன்.

இல்லை என்ற சொல்லில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு தொட்டி பேசவில்லை என்றால், ஒன்று மியூவான் வரவில்லை. அல்லது குழாய் கெட்டுக் கிடக்கிறது. இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும். எப்படிப் பிரிப்பது? இயற்கையே அதற்கு வழி வைத்திருக்கிறது. மியூவான்கள் எந்நேரமும் தூறிக்கொண்டேயிருக்கின்றன. கடல்மட்டத்திலேயே உள்ளங்கையளவு இடத்தில் நொடிக்கு ஒன்று விழும். ஹாக் தொட்டி ஒன்றின் பரப்புக்கு அது நொடிக்கு 7,000 ஆகும், மலைமேல் இன்னும் அதிகம். ஆகவே உயிருள்ள தொட்டி ஓயாமல் பளிச்சிட்டுக்கொண்டேதான் இருக்கும். ஒரு நிமிடம் முழுக்க மௌனமாக இருக்கும் தொட்டி அமைதியான தொட்டி அல்ல, செத்த தொட்டி. அந்த மழை பெய்த சில பத்து நானோநொடிக்குள் மட்டும், மற்ற நேரமெல்லாம் பேசும் தொட்டி பேசாமலிருந்தால்தான், அது சாட்சி. மௌனம் சம்மதம் என்பார்கள் நம் ஊரில். பேச முடிந்தவருடைய மௌனமா என்று யாரும் கேட்பதில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் சில புரோட்டான்கள் மியூவானை மறைத்துக்கொண்டு காமாவைப்போல நடித்துத் தப்பிவிடும். ஒரு தனி மழையைக் காட்டி இது நிச்சயமாகக் காமா என்று அநேகமாக யாரும் சத்தியம் செய்வதில்லை. ஒரே திசையிலிருந்து அவை மறுபடி மறுபடி வருகின்றனவா என்று பார்க்கிறார்கள். அதற்கு ஆண்டுகள் ஆகும். எப்போதோ ஒருமுறை வானம் தாராளமாகிவிடுவதும் உண்டு. 2022 அக்டோபர் 9 அன்று, ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் எங்கோ ஒரு விண்மீன் சரிந்தபோது புறப்பட்ட காமா வெடிப்பு பூமியைக் கடந்தது. லாசோவின் குளங்கள் ஒரு மணி நேரத்துக்குள் 60,000க்கும் மேற்பட்ட கதிர்களை எண்ணின. வானை நோக்கித் திருப்பும் தொலைநோக்கியாக இருந்தால் செய்தி வந்து, திருப்பி, குறிபார்ப்பதற்குள் முதல் நிமிடங்கள் போயிருக்கும். குளத்தைத் திருப்ப முடியாது. அது எப்போதும் மேலே பார்த்தபடி கிடக்கிறது, பகலிலும், மேகத்திலும். அதனால்தான் வெடிப்பின் தொடக்கமே கிடைத்தது.

அடுத்த முயற்சி சிலியின் அட்டகாமா பாலைவனத்தில். தென்கோளத்திலிருந்து பார்த்தால்தான் நம் பால்வீதியின் நடுப்பகுதி தலைக்குமேல் நன்றாக வரும். வடக்கிலுள்ள ஹாக்குக்கும் லாசோவுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 4,770 மீட்டர் உயரத்தில் பம்பா லா போலா என்ற இடத்தை 2024இல் தேர்ந்தெடுத்தார்கள். உலகிலேயே வறண்ட நிலங்களில் ஒன்று. அங்கே தண்ணீரால் ஆய்வகம். வடிவமைப்புப் பேச்சில் மலை ஏரியில் நீர்ப்பைகளை மிதக்கவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இன்னொரு யோசனை: ஒரே தொட்டிக்குள் இரண்டு அறை. மேலே ஆழமான அறை, எப்போது என்று கேட்க. கீழே ஆழம் குறைந்த வெள்ளை அறை, மியூவான் வந்ததா இல்லையா என்று மட்டும் கேட்க. அங்கே நேரம் முக்கியமில்லை, ஆகவே ஒரு துளி ஒளியையும் விடாத வெள்ளை. மிலாக்ரோ குளத்தின் இரண்டு அடுக்கு, சுற்றிச் சுற்றி ஒரு தொட்டிக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

பெரியவர் வேலை முடித்து, பாசியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, புதிய மூடியைப் பொருத்தினார். திருகி இறுக்கும்முன் நான் ஒருமுறை உள்ளே பார்த்தேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் ஆயிரம் லிட்டர் தொட்டியின் பரப்பில் நொடிக்கு நூறு மியூவானுக்குக் குறையாமல் இறங்கும். மூடியைப் பொருட்படுத்தாமல், ஒவ்வொன்றும் ஒரு நீலக் கூம்பை விரித்துவிட்டு, தொட்டியைத் துளைத்து, தளத்தைத் துளைத்து, கீழே சமையலறை வழியாக மண்ணுக்குள் போகும்.

“என்ன தம்பி பாக்குற? அதான் சுத்தமா இருக்கே” என்றார்.

“ஒண்ணுமில்லைங்க” என்றேன். அவர் மூடியை இறுக்கினார்.